கிண்டியில் எழுந்த ஐந்து பக்கங்கள்

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் வருஷம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், கிண்டி என்றால் குதிரைப் பந்தயமும் கவர்னர் மாளிகையும் எஞ்சினீயரிங் கல்லூரியுமே பட்டணத்தாருக்கு நினைவுக்கு வரும். அடுத்த முப்பது வருஷங்களில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியும், 1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், 1959-இல் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அப்பிரதேசத்தை ஒரு வித்யா க்ஷேத்திரமாக்கின.

கிண்டியிலிருந்த சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்கும்படி 1952-இல் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் சர் சி.வி. ராமனைக் கேட்க, ராமன் தாம் வராமல் தம் மாணவர் ஒருவரைச் சுட்டிக் காட்டினார். அப்போது முப்பதை ஒட்டிய வயதினரான ஜி.என். ராமச்சந்திரனே அவர். சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் திருப்தியாகத் தெளியவில்லை என்று சொல்லிப்போனதைப் பற்றிக்கொண்டு, தோல் ஆராய்ச்சி நிலையத்தார் கொடுத்துதவிய கங்காரு வால் நாணை எக்ஸ் கதிரில் வைத்து ஆராய்ந்து, கோபிநாத் கார்த்தாவுடன் 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' பத்திரிகையில் மூன்று இழை முறுக்கமைப்பை அவர் பிரசுரித்தார். தோல் பதனிடும் தொழிலுக்கென்று ஏற்பட்ட நிலையம் அயலில் இருந்தது எத்தனை அனுகூலம்!

இந்த அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்று, அதே புரதத்தை ஆராய்ந்துவந்த விஞ்ஞானிகள் கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் பயனுள்ளதாயிற்று, இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியையே ராமச்சந்திரன் கையில் எடுத்துக்கொண்டார். புரதச் சங்கிலியில் பெப்டைடுப் பிணைப்பு தட்டையாக விறைத்து நிற்பதால், சங்கிலி திரும்புவதற்கு முக்கியமாக இடந்தருவன நடுக் கரியணுவின் இருபுறத்துப் பிணைப்புகளே. இன்று ஃபை, சை என்று வழங்கும் அவ்விரண்டின் கோணங்களில் ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்துச் சதுரம் வரைந்து, எந்தப் புள்ளியில் எந்த அணு எதன்மேல் மோதுகிறது என்று மேசைக் கணக்குப் பொறியின் துணையால் பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால் பங்கு பிரவேசிக்கவொண்ணாத பிரதேசமாக ஒதுங்கிற்று. பக்கச் சங்கிலியின் ஸ்தானத்தில் ஹைட்ரஜன் அணு மாத்திரமே கொண்ட கிளைசினுக்கு மட்டும் சஞ்சாரம் சுலபம். கொல்லாஜனில் ஒன்றுவிட்டு ஒன்றல்ல, மூன்றுக்கு ஒன்றாக வருவதும் அதுவே. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடனும் எழுதி 1963-இல் 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி'யில் அவர் வெளியிட்ட இக்கட்டுரை ஐந்தே பக்கம்.

கொல்லாஜன் விவாதம் மூண்ட அதே 1955-இல்தான் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர், எந்தக் கட்டுரையை எவரெவர் மேற்கோள் காட்டினர் என்று அட்டவணை போடலாம் என யோசனை கூறினார். 1964-இல் அந்த அட்டவணை முறைப்படி வெளிவரலாயிற்று. நூலகத் தேட்டத்துக்கு எழுந்த அக்கருவி நாளடைவில் மனிதரை நிறுக்கும் தராசாகி, இன்று தாம்பரம் தாண்டிய கல்லூரிகளிலும் பதவி உயர்வு என்றால் ஸ்கோபஸ் கணக்கும் எச்-இன்டெக்ஸும் ஆகிய மேற்கோள் அளவைகள் பேச்சில் வராமல் போவதில்லை.

இத்தராசு கிண்டிக் கட்டுரையின் எடையைக் குறைவாகவே காட்டும் என்பது என் அபிப்பிராயம். புரத அமைப்பைக் கண்டவர் அதைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைக்கும்போது எழும் பரிசோதனை அறிக்கையில், அச்சதுரத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதியை விட்டு விலகி நிற்கும் சங்கிலிக் கண்ணிகளின் கணக்கு ராமச்சந்திரன் பெயராலேயே வருகிறது. ஆனால் அறிக்கை மேற்கோள் அல்லவே. பெங்களூருக்குப் பெயர்ந்தபின் 1971-இல் லட்சுமிநாராயணனுடன் அவர் வகுத்த கணித முறையும் ஸ்கேன் துறையில் 'ராம்-லாக்' என்றே புழங்குகிறது. மூலக் கட்டுரையைத் தேடிப் படிப்பவர் சிலரே. ஒரு கருத்து பொதுச் சொத்தாகிவிட்டால் மூலகர்த்தாவைக் குறிப்பிடுவதே நின்றுபோகும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விரிவாக விளக்கியிருக்கிறார்.

அச்சில் வந்த அந்தப் பழைய அட்டவணைக்கு இன்னொரு குறையும் உண்டு. மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையை அது முதல் ஆசிரியர் பெயரின்கீழ் மட்டுமே வைத்தது. ஆகவே 1963-க் கட்டுரையைத் தேடியவருக்கு ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கண்ணில் படவில்லை. கிண்டியில் இரண்டாம் பெயராக நின்ற கார்த்தாவோ, அமெரிக்காவில் பஃபலோ நகருக்குச் சென்று, பெல்லோ, ஹார்க்கர் இருவருடனும் ரைபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் அமைப்பைத் தீர்த்து 1967-இல் 'நேச்சரில்' எழுதிய கட்டுரையில் முதற்பெயராக நின்றதால், அங்கே அட்டவணையிலும் ஏறினார்.