ஈரோட்டு அச்சகத்தில் பிறந்த ‘லை’

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பெயர்ப்பலகையில் ‘ஆலை’ என்று எழுதியிருக்கும் ‘லை’ இந்த வடிவத்தைப் பெற்றது, பக்கத்து ஊரான ஈரோட்டில் ஒருவர் சொந்தமாக அச்சகம் வைத்துப் பத்திரிகை நடத்தியதால்தான்.

அவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. பத்திரிகை தொடங்கியபோது காங்கிரஸ்காரர். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். 1922இல் திருப்பூர் காங்கிரஸ் மாநாட்டில் எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போக வேண்டும் என்று வாதாடினார். இதைச் சொல்லத் தனக்கென ஓர் ஏடு வேண்டியிருந்தது. 1925 மே 2இல் ‘குடி அரசு’ வார இதழ் வெளிவந்தது. தொடக்கத்தில் தங்கபெருமாள் பிள்ளையும் ஆசிரியராக இருந்தார். அச்சகத்துக்குப் பெயர் ‘உண்மை விளக்கம்’. திறந்து வைத்தவர் சைவ மடத்துத் துறவி ஞானியார் அடிகள். சின்ன ஊரில் அச்சகம் நடத்துவது லேசான காரியமல்ல. 1933இல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காக, ஆசிரியர் பெரியாரோடு வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்.

அந்தக் காலத்து ஈய எழுத்துக் கேஸைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ‘கை’, ‘மை’ கோக்க ஓர் ஐகாரக் குறியும் ஓர் அகர உயிர்மெய் எழுத்தும் போதும். ஆனால் ணை, லை, ளை, னை நான்குக்கும் தலைமேல் யானைத் தும்பிக்கை வளைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு, தனி அறை. ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் அப்படியே. மொத்தம் 13.

1935 தொடக்கத்தில் ‘குடி அரசு’ இவற்றைக் கைவிட்டது. புதிதாக எதையும் வார்க்கத் தேவையில்லை, கேஸில் ஏற்கெனவே கிடந்த குறிகளையே சேர்த்துக் கோத்தார்கள் என்பதுதான் இதன் அழகு. அச்சுக்கும் தட்டச்சுக்கும் குழந்தைகள் படிப்பதற்கும் எளிது என்று பெரியார் வாதாடினார். இலக்கணப் புலவர் ஒருவருக்கு இது தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். எழுத்துக்குக் காசு கொடுத்து, கோப்பவரின் கை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

அரசு ஏற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரியார் மறைந்தது 1973. அவரது நூற்றாண்டையொட்டி 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டது. பாடநூல்களும் மாறின. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் பின்னர் இதே வடிவங்களுக்கு வந்தார்கள்.

ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்ற அவரது யோசனையை மட்டும் அரசு ஏற்கவில்லை. ஆனால் அவர் வளர்த்த ‘விடுதலை’ நாளேடு இன்றும் ‘அய்ந்து’ என்றே அச்சிடுகிறது.