ஒரு கட்டளைக்கு ஒரு பெயர்

கணக்கியலைத் தமிழில் படித்தவர்களுக்கு ஒரு சிக்கல் தெரியும். இலங்கைப் பாடநூல்களில் ‘வரவு’ என்றால் டெபிட், ‘செலவு’ என்றால் கிரெடிட். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ டெபிட் என்பது ‘பற்று’, கிரெடிட் என்பதுதான் ‘வரவு’. ஒரே சொல் பேரேட்டின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. இரு நாட்டவரும் பேசிக்கொள்ளாமல் ஒரே ஏட்டில் பதிந்தால் கணக்குக் குழம்பிவிடும்.

கணினியில் உரை எழுதும் மென்பொருட்களிலும் இதே குழப்பம் நடந்திருக்கிறது. 1976 அளவில் அமெரிக்காவில் இரண்டு மென்பொருட்கள் பிறந்தன. பில் ஜோய் எழுதிய ‘வீஐ’யில் ‘யாங்க்’ என்ற கட்டளை எழுத்தைப் பிரதி எடுக்கும். எம்.ஐ.டி.யில் உருவான ‘ஈமாக்ஸ்’ மென்பொருளில் அதே ‘யாங்க்’, எடுத்ததைக் கொண்டுவந்து ஒட்டும்.

அதே ஆண்டுகளில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மொட்டும் ‘ஜிப்சி’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். கடதாசியைக் கத்தரித்துப் பசையால் ஒட்டித் திருத்தும் பழைய வழக்கமே அதில் ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்ற கட்டளைகளாயிற்று. கேட்டவுடன் விளங்கியதால் அந்தப் பெயர்கள் உலகெங்கும் நிலைத்தன.

ஜேர்மன் மொழியிலும் குறை உண்டு. வேர்ட் மென்பொருளில் ‘ஐன்ஃபூகன்’ என்ற ஒரே சொல், பிரதி எடுத்ததை ஒட்டுவதற்கும் படம், அட்டவணை சேர்ப்பதற்கும் நிற்கிறது. தமிழில் ‘ஒட்டு’ வேறு, ‘செருகு’ வேறு. ஆகவே எங்கள் மொழிக்குச் சொற்பஞ்சம் இல்லை.

பஞ்சம் ஒழுங்கில்தான். ஒரே செயலை வீட்டில் ‘பிரதி’ என்றும், வகுப்பில் ‘படியெடு’ என்றும், திரையில் ‘நகலெடு’ என்றும் கண்டால் ஷ்லீரனில் வளரும் பிள்ளை என்ன செய்யும்? பட்டியலை ஜேர்மனுக்கு மாற்றிவிடும். பிறகு தமிழ், தமிழ் வகுப்புக்கு மட்டும் உரிய மொழியாகிவிடும்.

எனவே பிள்ளைகளுக்குக் கணினியில் தமிழ் சொல்லிக்கொடுப்போர் மூன்று விதிகளைக் கைக்கொள்ளலாம் என்கிறோம்.

1. ஒரு செயலுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு செயல்.
2. எல்லாக் கட்டளையும் ஏவல் வினையாக இருக்கட்டும். ‘வெட்டு’ என்று தொடங்கினால் அடுத்தது ‘ஒட்டுதல்’ என்றோ ‘ஒட்டவும்’ என்றோ வரக்கூடாது.
3. விளைவு வேறானால் பெயரும் தெளிவாக வேறுபட வேண்டும். ‘நீக்கு’, ‘அகற்று’ இரண்டும் காதுக்கு ஒன்றே. கோப்பே இல்லாமற் போவதற்கு ‘அழி’ என்றும், பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதற்கு ‘அகற்று’ என்றும் சொன்னால் எழுதிய கட்டுரை தவறுதலாகத் தொலையாது.

நாங்கள் பரிந்துரைக்கும் பெயர்கள்:

புதிய கோப்பைத் தொடங்க: உருவாக்கு
இருக்கும் கோப்பை எடுக்க: திற
எழுதியதைப் பாதுகாக்க: சேமி
இன்னொரு கோப்பாகப் பாதுகாக்க: வேறு பெயரில் சேமி
எடுத்து வேறிடம் வைக்க: வெட்டு
அப்படியே இன்னொன்று எடுக்க: நகலெடு
எடுத்ததை வைக்க: ஒட்டு
படம், அட்டவணை சேர்க்க: செருகு
கடைசிச் செயலை விலக்க: செயல்தவிர்
விலக்கியதைத் திரும்பச் செய்ய: மீண்டும் செய்
சொல்லைக் கண்டுபிடிக்க: தேடு
ஒரு சொல்லுக்குப் பதில் வேறு சொல் வைக்க: மாற்று

ஈழத்தவர்க்கு ‘பிரதி’ நெருக்கமான சொல்தான். ஆனாலும் கைபேசியிலும் கணினியிலும் தமிழ்ப் பட்டியலில் பிள்ளைகள் காண்பது பெரும்பாலும் ‘நகலெடு’ என்பதால் அதைக் கொண்டோம். உங்கள் வகுப்பு ‘பிரதி செய்’ என்று முடிவெடுத்தாலும் பிழையில்லை. ஆண்டு நடுவில் கணக்குத் தலைப்பை மாற்றாதது போல, எடுத்த பெயரை எல்லா ஆசிரியரும் எல்லா வகுப்பிலும் மாற்றாமல் வைத்திருந்தால் போதும்.