மகசூல், வசூல், தாசில்: இரு அரபு வேர்கள் சேர்வராயன் மலை ஏறிய வழி

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள் பேச்சில் மகசூலும் வசூலும் அடிக்கடி வரும். தாலுகா அலுவலகத்துக்குப் போனால் தாசில்தார் இருப்பார். மூன்று சொல்லும் அரபு மூலத்தவை, வேர்கள் இரண்டுதாம். மகசூலும் தாசிலும் ஹா–ஸாத்–லாம் வேரில் கிளைத்தவை. வசூலின் வேர் வாவ்–ஸாத்–லாம். கடைசி இரு மெய்களும் ஒன்றாக இருப்பதால் காதுக்கு உடன்பிறப்புகள்போல ஒலிக்கின்றன. பொருளோ வேறு.

முதல் வேர் குர்ஆனில் ஒரே ஓரிடத்தில் வருகிறது: அல்-ஆதியாத் அத்தியாயம், 10ஆம் வசனம். கல்லறைகளில் உள்ளவை கிளறப்படும் நாளில் நெஞ்சங்களில் உள்ளவையும் வெளிக்கொணரப்படும் என்பது அதன் கருத்து. குர்ஆன் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் அல்-இஸ்ஃபஹானி, ‘தஹ்ஸீல்’ என்பது தோலை நீக்கி உள்ளீட்டை எடுப்பது என்கிறார். கனிமக் கல்லிலிருந்து பொன்னையும் வைக்கோலிலிருந்து கோதுமையையும் எடுப்பது அவர் காட்டும் உதாரணங்கள். பழத்தை அரைத்துத் தோல் நீக்கிக் கொட்டை எடுக்கும் காபித் தோட்டத்தாருக்கு இந்த விளக்கம் இன்னும் எளிதாகப் புரியும்.

இரண்டாம் வேர் குர்ஆனில் பலமுறை வருகிறது. சேர்தல், இணைத்தல், போய் எட்டுதல் என்பன அதன் பொருள்கள். அர்-ரஃது அத்தியாயத்தின் 21ஆம் வசனம், இறைவன் சேர்த்துவைக்கச் சொன்னதைச் சேர்த்துவைப்போரைப் புகழ்கிறது. உரையாசிரியர் பலர் இதை இரத்த உறவு பேணுதல் என்று கொண்டனர். ஆக, ஒரு வேர் உள்ளிருப்பதைப் பிரித்தெடுக்கிறது. மற்றது விலகியிருப்பதைக் கொண்டுசேர்க்கிறது.

ஒலி நெருங்கினால் பொருளும் நெருங்கும் என்று வாதிட்டவர் அரபு இலக்கண அறிஞர் இப்னு ஜின்னி (மறைவு 1002). மெல்லிய ‘ஹா’ உள்ள ‘நள்ஹ்’ நீர் தெளிப்பது. வல்லோசை ‘கா’ உள்ள ‘நள்க்’ நீர் பொங்கிப் பீறிடுவது. அர்-ரஹ்மான் அத்தியாயத்தின் ஊற்றுகளுக்கு இரண்டாவதே வந்திருப்பதை அவர் சுட்டுகிறார். அழகான கோட்பாடுதான். நம் இரு வேர்களை அதில் அடக்க எனக்கு மனமில்லை. ‘ஹா’ தொண்டையில் பிறப்பது, ‘வாவ்’ இதழில், இடைவெளி பெரிது.

இவ்விரு வேர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தது பாரசீக மொழி வருவாய்க் கணக்கு. முகலாயப் பதிவேடுகளில் விதித்த தொகை ‘ஜமா’, உண்மையில் கிடைத்தது ‘ஹாசில்’. மண்ணிலிருந்து விளைச்சலைப் பிரித்தெடுத்த வேர், இங்கே உழுதவனிடமிருந்து பணத்தைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. ‘தஹ்ஸீல்’ வரித் தண்டலாயிற்று. அதைச் செய்பவர் தாசில்தார். தண்டிய பணம் கணக்கில் வந்து சேர்ந்தால் ‘வசூல்’. சேராதது ‘பாக்கி’, அதுவும் அரபுதான்.

திப்பு சுல்தான் ஆட்சியிலிருந்த சேலம் சீமை, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அச்சீமையின் பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டனர். ஆட்சி மாறியும் கச்சேரிச் சொற்கள் மாறவில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தபோது, ‘கஹ்வா’ என்ற இன்னொரு அரபுச் சொல்லின் வழித்தோன்றல் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

உருதுவில் ‘மஹ்சூல்’ என்றால் வரி, சுங்கம். தபால் கட்டணம்கூட ‘டாக் மஹ்சூல்’. தமிழில் அது விளைச்சல் மட்டுமே; மாசூல் என்றும் சொல்வார்கள். படம் நன்றாக வசூலித்தது என்போம், மகசூல் தந்தது என்பதில்லை. தமிழ் இவ்விரண்டையும் கலக்காமல் வைத்திருப்பதற்கு அரபுப் புலமை காரணமல்ல. ரயத்துவாரியில் ஒவ்வொரு பட்டாதாரரும் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டினார். தன் நிலத்தில் விளைந்தது ஒன்று, தன்னிடம் வாங்கியது வேறொன்று என்று அவர் தனித்தனியே சொல்ல வேண்டியிருந்தது. இது என் கணிப்பு. தண்டல் பக்கத்துக்கு ஏற்கெனவே வசூலும் தாசிலும் இருந்ததால், மகசூல் நிலத்தோடேயே தங்கிவிட்டது.