மாண்டவர் எழுதாத கடிதம்

இறந்தவர் பெயரில் கையெழுத்திட்டுச் சொத்தை அபகரித்தவர்களைப் பற்றிக் கதைகளில் படித்திருக்கிறோம். இறந்தவர் பெயரில் கடிதம் எழுதி ஒரு சர்க்காரையே கலங்க வைத்த விந்தை சரித்திரத்தில் உண்டு.

வெர்னர் மோல்டர்ஸ் 1913-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆரம்பத்தில் விமானத்தில் ஏறினாலே அவருக்குக் குமட்டல் வரும். பிடிவாதத்தால் அதை வென்றார். 1938-ல், ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் பிராங்கோவுக்கு உதவ ஹிட்லர் அனுப்பிய காண்டர் படையில் சேர்ந்து 14 விமானங்களை வீழ்த்தினார். 1941 ஜூலையில் 100 என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் போர் விமானி என்று புகழ்பெற்றார். தெய்வபக்தி மிக்க கத்தோலிக்கர். கீழிருந்த வீரர்கள் அவரை 'அப்பா' என்றே அழைத்தார்கள், அத்தனை பரிவு!

அதே ஆண்டு நவம்பரில், உடெட் என்ற தளபதியின் இறுதிச் சடங்குக்குப் பயணியாகச் சென்றபோது, பிரெஸ்லாவில் விமானம் நொறுங்கி மாண்டார். வயது 28.

இரண்டு மாதத்துக்குள் அவருடைய 'கடிதம்' ஜெர்மனியில் கைக்குக் கை பரவியது. நாஜிகளை விட ஆண்டவனே பெரியவன் என்ற தொனியில் அமைந்திருந்தது. உண்மையில் அதைத் தயாரித்தது பிரிட்டிஷ் பிரசாரப் பிரிவு! போலி என்று நாஜிகள் கூவினார்கள். ஓயாமல் பொய் சொன்னவர்கள் அன்று சொன்னது மெய். ஆனால் பலர் நம்பவில்லை.

யுத்தத்துக்குப் பின், மேற்கு ஜெர்மனி ஒரு போர்க்கப்பலுக்கும், பாசறைக்கும், விமானப் பிரிவுக்கும் அவர் பெயரைச் சூட்டியது. காண்டர் படையோ 1937-ல் கெர்னிகா நகரைக் குண்டு வீசி அழித்த படை. அப்படையினரைக் கௌரவிக்கலாகாது என்று 1998-ல் ஜெர்மன் பார்லிமெண்டு தீர்மானித்தது. 2005-ல் ராணுவ மந்திரி, விமானப் பிரிவிலிருந்து அவர் பெயரை நீக்கினார். "கெர்னிகா எரிந்தபோது அவர் ஸ்பெயினிலேயே இல்லையே!" என்று அபிமானிகள் குமுறினார்கள். அது உண்மைதான். ஆனால் கெர்னிகா எரிந்த பிறகு, எரித்த அதே படையில் அவர் சேர்ந்தாரே, அதுவும் உண்மைதானே?

நமக்குக் கும்பகர்ணன் நினைவு வருகிறது. அவனும் தகாத பக்கத்தில் நின்று போரிட்டவன். ஆனாலும் அண்ணன் முகத்துக்கு நேரே, "இது தர்மமல்ல" என்று இடித்துரைத்துவிட்டுத்தான் களம் புகுந்தான். அதனால்தான் அவனுக்காக இன்றும் இரங்குகிறோம். மோல்டர்ஸுக்காக அந்த ஒரு சொல்லைப் பகைவர் அல்லவா எழுத வேண்டியிருந்தது!

நல்லவராக இருப்பது வேறு. எதற்காகப் போரிட்டோம் என்பது வேறு. முன்னதற்காக அவருக்கு ஒரு துளிக் கண்ணீர் சிந்தலாம். கப்பலுக்குப் பெயர் வைக்கும்போது, பின்னதைத்தான் கேட்க வேண்டும்.