ஓடை எழுதிவைத்த கணக்கு

கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் வாலஸ் ஓடை என்றொரு சிற்றோடை உண்டு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பது. வடகிழக்கு மலையிலிருந்து இறங்கும் அது, சான் ஆண்டிரியாஸ் பிளவை எட்டியதும் சட்டென வலப்புறம் திரும்பி, பிளவை ஒட்டியே சுமார் 130 மீட்டர் சென்று, பிறகே தன் பழைய திசைக்கு மீள்கிறது. ஓடையின் கீழ்ப்பாதியைச் சுமந்த நிலம் வடமேற்கே நகர்ந்துவிட்டதன் தடம் அது.

1906இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கத்தின் முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட நில அளவைகளை ஒப்பிட்டவர் ஹாரி ஃபீல்டிங் ரீட். நிலம் வில்லைப் போல மெல்ல வளைந்து, தாங்கவியலாத கணத்தில் பிளவு நெடுக வழுக்கி நிமிர்கிறது என்று 1910இல் அவர் விளக்கினார். அப்படியானால் பல நடுக்கங்களின் வழுக்கல்களைக் கூட்டிக் காலத்தால் வகுத்தால், புவியோடு உருமாறும் வேகம் கிடைத்துவிடும். தூரத்தை நாடா கொண்டு அளக்கலாம். காலத்துக்கு எங்கே போவது?

கெரி ஸீயும் ரிச்சர்ட் ஜான்ஸும் ஓடைக்கரையில் குழிகள் வெட்டினர். படிவுகளில் புதைந்திருந்த கரித்துண்டுகளின் வயதைக் கதிரியக்கக் கரிமத்தால் கணித்தனர். ஓடை இன்றைய தடத்தை வெட்டிக்கொண்டு சுமார் 3,700 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1984இல் வெளியான விடை: ஆண்டுக்கு ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், மூன்று முன்பின்.

பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசி நகர்வதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். மீதியைப் பக்கத்துப் பிளவுகளும் கிழக்கே நெவாடா வரை நீளும் நிலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. அறியப்படாத ஒரு பிளவு விடுபட்டாலும் கூட்டுத்தொகை குறைந்துவிடும்.

தவிர, 34 என்பது சராசரிதான். நடுக்கங்களுக்கு இடையே கரிசோவில் பிளவு பூட்டிக் கிடக்கிறது. கடைசியாக அது பிளந்தது 1857 ஜனவரி 9 அன்று. அந்த ஒரே நாளில் நிலம் 9 மீட்டருக்கு மேல் வழுக்கியது என்று 1978இல் ஸீ மதிப்பிட்டார். 34ஆல் வகுத்தால், அவ்வளவு இறுக்கம் மீண்டும் சேர 270 ஆண்டுகளாவது வேண்டும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால் இதே பிளவு ஓடுவதால், அது சற்று ஆறுதலான எண்.

2010இல் வேறொரு குழு வானிலிருந்து லேசர் கொண்டு நிலத்தை அளந்தது. 1857க்கு உரிய பங்கு சுமார் 5 மீட்டரே என்றும், எஞ்சியது அதற்கு முந்தைய நடுக்கத்தினது என்றும் அக்குழு கூறியது. 34 மாறவில்லை. ஆனால் 5 மீட்டர் சேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் போதும். நிலம் தவணை பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்த 150 ஆண்டுகள் 2007இலேயே நிறைந்துவிட்டன. கரிசோவில் பிளவு இன்னும் அசையவில்லை.