மணி அடிக்கும் கருவிகள்

விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டியதும் கணினிக்கு அது எப்படித் தெரிகிறது? தானா ராத்தாப் பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

தொடக்கக் காலக் கணினிகள், வேலை முடிந்ததா என்று ஒவ்வொரு கருவியையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. நேரமெல்லாம் கேட்பதிலேயே போயிற்று. 1954இல் அமெரிக்காவில் கட்டி முடிக்கப்பட்ட டைசியாக் கணினியில் கருவியே மணி அடித்து அழைத்தது. இந்த அழைப்பைக் குறுக்கீடு என்கிறோம். 1972 முதல் பினாங்கில் இயங்கும் இன்டெல் தொழிற்கூடத்தில் நம் மலேசியத் தொழிலாளர் கைபட்டு வெளிவரும் சில்லுகளிலும் இந்த மணி உண்டு.

ஹாலந்து நாட்டு எக்ஸ்1 கணினிக்கும் இந்த ஏற்பாட்டைச் செய்ய முனைந்தபோது, நிரல் எழுதவேண்டிய டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர் நடுங்கிப் போனார். மணி எந்த நொடியில் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் விளையும் பிழை ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும், தேடினால் அகப்படாது. அவர் அச்சம் நியாயமானதே என்பேன். பிறகு மனம் தேறி அதையே ஆராய்ந்து, 1959இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

பிற்காலத்தில் மணிக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, கணினியின் உள்ளாட்சியாகிய கெர்னலிடம் சேர்ந்தது. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணினி முழுவதுமே நின்றுவிடக்கூடும். கருவியை ஓட்டும் நிரலை வெளியே, சாதாரண நிரல்களோடு வைத்தால் என்ன? பிழை நேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த நிரல் மட்டுமே விழும்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. தோட்ட ஆபீசில் தொலைபேசியை யாராவது எடுக்கும்வரை மணி ஓயாது அல்லவா? பல கருவிகளும் அப்படித்தான். மணியை உடனே அடக்காவிட்டால் கணினி அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே காத்திருக்கும் நிரலுக்கு முறையே வராது.

2007இல் லினக்ஸ் 2.6.23 பதிப்பில் சேர்ந்த யுஐஓ இதற்கு வழி செய்தது. கெர்னலுக்குள் ஒரு சிறு துண்டு மட்டும் இருக்கும். அது கிராணியைப் போல மணியை அடக்கிவிட்டு, அழைப்புக் கணக்கில் ஒன்றைக் கூட்டும். வெளியே உறங்கும் நிரல் விழித்து, கணக்கைப் படித்து, மீதி வேலையைச் செய்யும். முன்பு படித்தது 7, இப்போது 9 என்றால், வந்தவை இரண்டு அழைப்புகள் என்று நிரல் அறிந்துகொள்ளும்.

இன்னொரு ஆபத்து மிச்சமிருந்தது. சில கருவிகள் கணினியின் நினைவகத்தில் தாமே எழுதும். தவறான இடத்தில் எழுதினால் கெர்னலும் தப்பாது. 2012இல் லினக்ஸ் 3.6 பதிப்பில் வந்த விஎஃப்ஐஓ, வன்பொருளிலேயே உள்ள வேலியைக் கொண்டு ஒவ்வொரு கருவியையும் அதற்குரிய எல்லைக்குள் நிறுத்தியது.