கார்பாலிக் தெளிப்பானும் அறுவை அறையும்

புண் சீழ்பிடிப்பதைத் தடுக்க ஜோசப் லிஸ்டர் 1865-இல் கிளாஸ்கோவில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். காற்றில் மிதக்கும் கிருமிகளையும் கொல்ல எண்ணி, 1871-இல் தெளிப்பானைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் கையால் இயக்கிய அது பின்னர் நீராவியால் இயங்கியது.

அறுவை முடியும்வரை அமிலப் புகைமூட்டம் மருத்துவர், உதவியாளர், செவிலியர் எல்லோர்மீதும் படர்ந்தது. இருமல் வந்தது, கண் எரிந்தது, கைத்தோல் வெளுத்து மரத்தது. உடலில் ஏறிய அமிலம் சிறுநீரைக் கருமையாக்கியதும் உண்டு. நோயாளியைக் காக்க நின்றவர்களுக்கு இந்தத் துன்பம் நேர்ந்திருக்கவே கூடாது. ஏனெனில் தெளிப்பே தேவையற்றது: காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே கிருமிகளை அதிகம் புண்ணுக்குக் கொண்டுசென்றன.

1890-இல் பெர்லின் மருத்துவ மாநாட்டில், தெளிப்பானைப் பரிந்துரைத்ததற்கு வெட்கப்படுவதாக லிஸ்டரே வெளிப்படையாகச் சொன்னார். கருவிகளையும் துணிகளையும் வெப்பத்தால் கிருமி நீக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது.